சீயானின் இரண்டாவது டப்பா

நாகஜோதி ஸ்கூட்டியை நிறுத்தியபோது மணி பன்னிரண்டே முக்கால். திருப்பூர் ராயபுரத்தின் அந்தச் சந்தில் நிழல் என்று சொல்ல ஒரு முழம்கூட இல்லை. இரண்டு பக்கமும் பனியன் கம்பெனிகள். ஓவர்லாக் மிஷின்களின் இரைச்சல் சுவரைத் தாண்டி வந்து காதுக்குள் குடியேறிக்கொள்ளும். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அந்த இரைச்சல் கேட்பதே இல்லை. அது நின்றால்தான் கேட்கும்.

சந்தின் கடைசிக் கட்டடம் மட்டும் ஊமையாக நின்றது. துருப்பிடித்த கேட்டுக்கு முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். மடியில் சாவிக்கொத்து.

“வாங்க கண்ணு. போன் பண்ணுனது நான்தானுங்க, கலைமகள். பக்கத்துக் கம்பெனில செக்கிங் பாக்கறேன், மாஸ்டர் படுத்ததுல இருந்து இந்தச் சாவியும் எங்கிட்டத்தானுங்க. தவசி மாஸ்டர் பேத்திதானுங்களே? கேக்கவே வேண்டாம். மூஞ்சி அப்படியே…” என்று ஆரம்பித்தவள் பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

“அப்படியே யாரு மாதிரி?”

“மாஸ்டர் மாதிரிதானுங்க.”

பொய். தவசியின் சாயல் நாகஜோதிக்குத் துளிகூடக் கிடையாது.

“நாளைக்குக் காலைல இடிக்க வராங்க. மாஸ்டரோட தகரப்பொட்டி உள்ள கெடக்குது. எடுத்துட்டு ஒரு மணிக்குள்ள வந்துருங்க. பின்னாடி பக்கம் மட்டும் போக வேண்டாங்க.”

“ஏங்க, பேய் இருக்கா?” என்று சிரித்தாள் நாகஜோதி.

கலைமகள் சிரிக்கவில்லை.

தவசி செத்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. மறுநாள் காரியம். உசிலம்பட்டிப் பக்கம் தாத்தாவைச் சீயான் என்பார்கள். நாகஜோதிக்கும் அவர் சீயான்தான். எழுபத்தொன்பது வயது வரை வாழ்ந்த மனுசன். வானம் பார்த்த பூமியை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வந்து, கட்டிங் மேசைக்கு அடியில் படுத்துத் தூங்கி, கத்திரி பிடித்த விரல் கொம்பாகக் காய்த்துப்போய், இதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் ஆனவர். கம்பெனியை மூடிய பிறகும் இதே கட்டடத்துக்கு வாட்ச்மேனாக வந்தார். நாலு பேர் நல்ல வேலைக்குக் கூப்பிட்டும் போகவில்லை. குடிக்க மாட்டார். லீவு போட மாட்டார். பேரன் பேத்தி யாருக்குக் காய்ச்சல் என்றாலும் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார்.

காரியத்துக்கு அச்சடித்த நினைவஞ்சலி நோட்டீஸை எழுதியது நாகஜோதிதான். அந்தக் குடும்பத்தில் காலேஜ் முடித்த முதல் ஆள் அவள்தானே. ‘குடும்பமே கோயில் என வாழ்ந்தவரே’ என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். படையலில் அவருடைய கத்திரியையும் வைக்க வேண்டும் என்று ஆசை. “அந்தப் பொட்டில என்ன பொதையலா இருக்கு? அங்கிட்டெல்லாம் போகாத” என்று அப்பா முனீஸ் சொல்லியிருந்தார். சொல்லாமல்தான் வந்திருந்தாள்.

சீயானை நினைத்தால் இரண்டு விஷயம் முதலில் வரும். ஒன்று, சோற்று டப்பா. தினமும் இரண்டு கட்டச் சொல்வார். “உழைக்கிற ஒடம்புக்கு ஒண்ணு பத்தாது தாயி” என்பார். ஆனால் ஆள் ஓணான் மாதிரிதான் இருந்தார். இன்னொன்று, தட்டுவது. வீட்டில் எந்தக் கதவு மூடியிருந்தாலும் மூன்று முறை தட்டாமல் திறக்கக் கூடாது. டக், டக், டக். குளியலறையோ, பீரோவோ. பேரப்பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பழகியது அது. நாகஜோதி ஆபீஸ் ஃபிரிட்ஜைக்கூட மூன்று தட்டுத் தட்டித்தான் திறப்பாள். கூட வேலை பார்ப்பவர்கள், “உள்ள யாரு, உன் மாமியாரா?” என்று கேலி செய்வார்கள்.

பக்கவாதம் வந்து படுத்த மூன்று மாதமும் சீயான் ஒற்றை விரலால் சுவரைத் தட்டிக்கொண்டே கிடந்தார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து டம்ளரை நீட்டுவாள். தலையை ஆட்டுவார். “தட்டாம வந்துட்டேன் தாயி” என்பார். கண்ணீர் வழிந்து காதுக்குள் போகும்.

அந்த வீட்டில் சொல்லக் கூடாத பெயர் ஒன்று இருந்தது. ஒச்சாயி. தவசியின் மகள், முனீஸின் தங்கச்சி. பதிமூன்று வயதில், ஒரு பொங்கல் லீவில், கம்பெனியின் அயர்னிங் பையனோடு ஓடிப்போனவள். ஓடுகாலி. அப்பத்தா சாகிற வரைக்கும் பெற்ற மகளுக்கு மண்ணை வாரித் தூற்றிவிட்டுத்தான் செத்தாள். நாகஜோதி காலேஜுக்குப் போகிறேன் என்றபோதும் சொந்தமெல்லாம் அந்தப் பெயரைத்தான் எடுத்தது. “அத்தை மூஞ்சி இவளுக்கு. அத்தை புத்தியும் வரும்.” அன்றைக்கு அவளுக்காக நின்றவர் சீயான் ஒருவர்தான். “எம் பேத்தி படிப்பா. எவன் வாயத் தொறந்தாலும் வகுந்துருவேன்.”

கட்டடத்துக்குள் நுழைந்ததும் வெயில் அறுந்து விழுந்தது.

பழைய மிஷின் எண்ணெய் வாடை. ஈரத்துணி வாடை. மிஷின்களை எல்லாம் எப்போதோ விற்றாகிவிட்டது. அவை நின்ற இடங்களில் கறை மட்டும் கிடந்தது. நூலாம்படையா பஞ்சா என்று தெரியாமல் எதுவோ முகத்தில் வந்து ஒட்டியது. கட்டிங் மேசைக்கு அடியில் இருந்தது பெட்டி. திறந்தாள். கத்திரி, டார்ச், சிவப்பு நூலில் கட்டிய ஒற்றைச் சாவி, ஒரே ஒரு சோற்று டப்பா.

இன்னொன்று எங்கே?

அப்போது சந்தில் பெல் அடித்தது. சாப்பாட்டு நேரம். ஒவ்வொரு கம்பெனியாக மிஷின்கள் நின்றன. கடைசி ஓவர்லாக்கும் இழுத்து இழுத்து அடங்கியது.

அப்படி ஒரு அமைதி.

பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சிமெண்ட் தரையில் எவர்சில்வர் டப்பா நகர்கிற சத்தம்.

பூனையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். பயந்தாங்கொள்ளி என்று அவளை யாரும் சொன்னதில்லை. நடை முடிகிற இடத்தில் ஒரு இரும்புக் கதவு. வெளியே பூட்டு. கதவடியில் அந்த இரண்டாவது டப்பா, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

சீயான் படுத்தே மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கட்டடத்தில் தண்ணீர்க் குழாய்கூட இல்லை.

டப்பாவின் விளிம்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பெட்டியில் எடுத்த சாவி பூட்டில் பொருந்தியது. மூடிய கதவு. அவள் கை தானாக உயர்ந்தது.

டக். டக். டக்.

உள்ளே யாரோ துணிக்குவியலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்கள்.

அந்தச் சரசரப்பு அவ்வளவு தெளிவாகக் கேட்டது. பிறகு வெறுங்கால்கள் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் ஓசை. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. அவள் இடுப்பு உயரத்தில், சின்ன விரல் முட்டியால், மெதுவாக,

டக். டக். டக்.

“தட்டாதீங்க கண்ணு!”

கலைமகள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். ஹாலின் நடுவுக்கு வந்த பிறகும் அவளுக்கு மூச்சு அடங்கவில்லை. “தட்டிட்டீங்களா? மூணு தடவையுமா?”

“உள்ள யாரு?”

“உங்களக் கூப்ட்டது பொட்டிக்கில்லீங்க. நாளைக்கு இடிச்சுட்டா எல்லாம் மண்ணாப் போயிரும். சொல்லோணும்னுதான் கூப்ட்டேன். கேட்டுல உங்க மூஞ்சியப் பாத்ததும் வாய் வரலீங்க. அப்படியே ஒச்சாயிங்க நீங்க.”

கலைமகள் சுவரில் சரிந்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள்.

“அப்ப எனக்குப் பன்னண்டு வயசு. இங்க கைமடி வேலை, டெய்லருக்குத் துணி மடிச்சுக் குடுக்கறது. சின்னப் புள்ளைங்க பதினோரு பேரு இருந்தோம். ஆபீசருங்க செக்கிங் வந்தா எங்களை அந்த வேஸ்ட் ரூம்ல போட்டுப் பூட்டிருவாங்க. கட்டிங் வேஸ்ட் துணி மலையாட்டக் கெடக்கும். அதுக்குள்ள பொதைஞ்சு உக்காந்துக்கோணும். பூட்டறது உங்க தாத்தாதான். ‘யாரு கூப்ட்டாலும் வரப்படாது. நான் மூணு தட்டு தட்டுனாத்தான் வரோணும்’னு சொல்லித்தான் பூட்டுவாரு. தன் புள்ளையவும் எங்களோடதான் போடுவாரு.”

நாகஜோதி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்ளயன்ஸ் பிரிவில் இருந்தாள். ‘இங்கே சிறுவர் யாரும் வேலை செய்யவில்லை’ என்று மாதாமாதம் கையெழுத்துப் போடுகிற வேலை.

“தொண்ணூத்தேழு பொங்கலுக்கு மொத நாளுங்க. ஆபீசருங்களக் கூட்டிட்டுப் போயி சாமளாபுரத்துல இருக்கற நம்ம இன்னொரு கட்டடத்தக் காட்டிட்டு வான்னு முதலாளி சாமியப்பன் உங்க தாத்தாவ அனுப்பிட்டாரு. அப்பறம் அவரே வந்து கதவத் தொறந்து, ‘லீவு, ஊட்டுக்கு ஓடுங்க’ன்னாரு. நாங்க ஓடுனோம். ஒச்சாயி மட்டும் வரலை. நான் கையப் புடிச்சு இழுத்தனுங்க. ‘எங்கய்யா இன்னும் தட்டலை’ன்னா. துணிக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டா. முதலாளி பூட்டிட்டுப் போய்ட்டாரு.”

“சீயான் தேடலையா?”

“மத்த புள்ளைங்களோட பஸ் ஏறிட்டான்னு நெனச்சு அவரும் ஊருக்குப் போய்ட்டாரு. அங்க இல்லைன்னதும் நாலாம் நாள் ஓடியாந்தாரு. எங்க ஊடு இதே சந்துலதானுங்க. நான்தான் சொன்னேன். ரெண்டு பேரும் பின்பக்கச் சுவத்துகிட்ட ஓடுனோம். உள்ளயிருந்து சத்தம் வந்துச்சு. மூணு மூணா.”

“உயிரோட இருந்தாளா?”

“இருந்தாங்க. உங்க தாத்தா பூத்துக்கு ஓடி முதலாளிக்குப் போன் போட்டாரு. ‘பூட்ட உடைச்சா கூட்டம் கூடும், கம்பெனிக்குச் சீல் வெப்பான், பூட்டுனவன் நீதான்னு உன்னத்தான் மொதல்ல புடிப்பான், நாளைக்கு நானே வரேன்’னுட்டாரு அவரு. தாத்தா திரும்பி வந்து சுவத்தோரமா உக்காந்தாரு. கையத் தூக்குனாருங்க. தட்டுனா அவ கத்துவா, தெருவுக்கே கேக்கும். தூக்குன கை அப்படியே நின்னுச்சு.”

கலைமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“தட்டலீங்க.”

“முதலாளி எப்ப வந்தான்?”

“நாளைக்கு நாளைக்குன்னு, ஒம்பதாம் நாளு.”

“அந்த அயர்னிங் பையன்?”

“அவன் அம்மை போட்டு ஊர்ல படுத்துக் கெடந்தானுங்க. ஓடிப்போய்ட்டாங்கன்னு கதை கட்டுனது உங்க தாத்தாதான். அதுக்கப்பறம் தெனமும் கதவுகிட்ட ஒரு டப்பா சோறு வெப்பாரு. அந்தக் கதவத் தட்ட மட்டும் மாட்டாரு. பயமுங்க. தட்டுனா வந்துருவாளே.”

எம் பேத்தி படிப்பா. அந்தக் குரல் அவள் காதில் கேட்டது. அத்தனை வருடமும் அந்தக் குரலில் இருந்ததைப் பாசம் என்று நினைத்திருந்தாள்.

எழுந்து போய்ப் பூட்டைத் திறந்தாள். கலைமகள் கேட்டை நோக்கி ஓடினாள்.

அறை காலியாகத்தான் இருந்தது. வெளியே நெருப்பாகக் காய்கிற பகலில் உள்ளே பல் கிட்டியது. ஒரு மூலையில் மக்கிய வேஸ்ட் துணி. அதில் ஒரு குழந்தை சுருண்டு உட்கார்ந்த அளவுக்கு ஒரு குழி. நாகஜோதி அதைத் தொட்டுப் பார்த்தாள்.

சூடாக இருந்தது.

தரையின் நடுவில் நாலடி நீளத்துக்கு வேறு நிறச் சிமெண்ட். கட்டிங் மாஸ்டர் பூசியது அல்லவா, ஓரமெல்லாம் நேர்க்கோடாக இருந்தது. கதவின் உட்பக்கம் டார்ச் அடித்தாள். அவள் இடுப்பு உயரத்தில் பெயிண்ட் உதிர்ந்த சின்னச் சின்னப் புள்ளிகள். மூன்று. மூன்று. மூன்று. கதவு முழுக்க.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

“வா அத்தை” என்றாள் இருட்டைப் பார்த்து. “நான் தட்டிட்டேன்ல? வீட்டுக்குப் போவோம்.”

கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, பெட்டியையும் இரண்டாவது டப்பாவையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஸ்கூட்டியைக் கிளப்பியபோது கலைமகள் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக் கைகூப்பினாள். குனிந்து பார்த்தாள் நாகஜோதி.

பின்சீட்டின் ஃபுட்ரெஸ்ட் விரிந்திருந்தது.

வீட்டில் முனீஸ் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் சுற்றி வளைக்கவில்லை.

“ஒச்சாயி அத்தை ஓடிப்போகலப்பா.”

முனீஸ் கையிலிருந்த நாற்காலியை மெதுவாகக் கீழே வைத்தார். முகத்தில் அதிர்ச்சியே இல்லை. அதுதான் அவளை அடித்தது.

“உங்களுக்குத் தெரியுமா?”

“கத்தாத. அம்மா இருக்கா.”

“தெரியுமாப்பா?”

“சிமெண்டு கொழைச்சுக் குடுத்ததே நான்தான்” என்றார் முனீஸ். “பதினஞ்சு வயசு எனக்கு. அய்யா அழுதாரு. நான் என்னத்தா செய்ய? கம்பெனியும் போயி அவரும் ஜெயிலுக்குப் போயிருந்தா நாங்க தெருவுலதான் நின்னுருப்போம். இந்த வீடு, உன் படிப்பு…”

“என் படிப்பு அவ மேல பூசுன சிமெண்டா?”

“அறைஞ்சுருவேன்.”

“அப்பத்தா சாகுற வரைக்கும் பெத்த மகள ஓடுகாலின்னாங்க. பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்க ரெண்டு பேரும். என்னை அத்தனை பேரும் அத்தை புத்தின்னு சொன்னப்பகூட வாயத் தொறக்கலையே! நான் போலீசுக்குப் போறேன். நாளைக்கு இடிக்கிறதுக்குள்ள அந்தத் தரையத் தோண்டணும்.”

முனீஸ் அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். தோளைப் பிடித்துத் தள்ளினார். அவள் அறையின் கதவு வெளியிலிருந்து தாழிடப்பட்டது.

“நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் தாயி” என்று கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கெஞ்சியது. “காரியம் முடியட்டும். அங்கிட்டும் இடிச்சு முடிச்சுரட்டும். எல்லாம் குடும்பத்துக்காகத்தான்.”

அவள் தரையில் உட்கார்ந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கத்தலாம். கத்தினால் தெரு கேட்கும். ஆனால் வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

அறைக்குள் வேஸ்ட் துணி வாடை வந்தது.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் யாரோ கால்களைக் கட்டிக்கொண்டு உட்காருவது தெரிந்தது. பொறுமையாக. பழகியவர்கள் உட்காருவது போல.

விடிந்து பத்து மணிக்கெல்லாம் பந்தல் நிறைந்துவிட்டது. சங்கு ஊதினார்கள். யாரோ மைக்கில் நோட்டீஸை வாசித்தார்கள். “குடும்பமே கோயில் என வாழ்ந்தவரே…” தன் எழுத்து தன்னையே காறித் துப்புவதைக் கேட்டபடி நாகஜோதி எழுந்து நின்றாள்.

டக். டக். டக்.

இந்தத் தடவை சத்தம் கதவுக்கு வெளியிலிருந்து வந்தது. இடுப்பு உயரத்தில்.

தாழ்ப்பாள் விலகியது. திறந்து பார்த்தாள். நடையில் யாரும் இல்லை.

நேராகப் பந்தலுக்குப் போனாள். மாலை போட்ட படத்துக்கு முன்னால் படையல் இலை விரித்திருந்தது. மைக்கை வாங்கினாள். “எங்க அத்தை ஒச்சாயி ஓடிப்போகல. கம்பெனி ரூம்ல பூட்டி வச்சுச் சாக விட்டாங்க. சாக விட்டது இந்தப் படத்துல இருக்கிறவரு. பொதைக்கக் கூட நின்னது எங்கப்பா.”

“பிள்ளைக்குப் புத்தி பெரண்டுருச்சுப்பா” என்றது ஒரு கிழவர் குரல். முனீஸ் அவளை நோக்கி ஓடிவந்தார். அவர் சட்டைப்பையில் அவளுடைய போன் அடித்தது. அவசரமாக நிறுத்தப் போனவர் தவறி எடுத்துவிட்டார்; விரல் ஸ்பீக்கரிலும் பட்டது.

“மேடம், கட்டடம் இடிக்க வந்திருக்கம், என் பேரு ஜெபக்குமாரு. கலைமகள் அக்காதான் நம்பர் குடுத்தாவ. பின்னாடி ரூம்ல ஒரு பெரியவரு இருக்காரு பாத்துக்கிடுங்க. இருட்டுல மொகம் தெரியல. கதவு தொறந்துதான் கெடக்கு. வெளிய வாங்கய்யான்னா வரமாட்டேங்காரு. துணிக்குள்ள உக்காந்துக்கிட்டு, ‘இன்னும் தட்டலை, இன்னும் தட்டலை’ங்காரு.”

பந்தலில் இருந்தவர்கள் முனீஸைச் சுற்றி நெருங்கினார்கள்.

போனுக்குள் ஒரு இருமல். அந்த வீட்டில் முப்பது வருடமாக எல்லோரும் கேட்ட, நெஞ்சைப் பிறாண்டுகிற இருமல்.

“முனீசு… தட்டுடா…”

முனீஸ் மண்ணில் சரிந்து உட்கார்ந்தார். “தட்டச் சொல்லு தாயி” என்றார். “உன் கால்ல விழுறேன். அய்யாவ வெளிய விடச் சொல்லு.”

“மேடம், மூணு தட்டு தட்டணுமாம்லா. தட்டட்டுமா?”

நாகஜோதி அவர் கையிலிருந்து போனை எடுத்தாள். அவள் துப்பட்டாவின் நுனியை ஒரு சின்னக் கை பிடித்திருந்தது. ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை.

“நான் போலீஸோட வரேன். அந்தத் தரையத் தோண்டணும். வேணும்னா கதவைப் பேத்துக்கூட எடுத்துக்கங்க” என்றாள். “தட்ட மட்டும் யாரும் தட்டிராதீங்க.”

வாசலை நோக்கி நடந்தவளை அம்மாவின் குரல் நிறுத்தியது. சமையலறையிலிருந்து, யாரிடம் கேட்கிறோம் என்றே தெரியாத குரலில் கேட்டாள்.

“நேத்து நீ கொண்டாந்த இந்த டப்பாவுல இப்பத்தானடி சோறு போட்டு வச்சேன்? யாரு கழுவிக் கவுத்துனது?”